இறப்பருக்கு அரிசி: 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வல்லரசின் நெருக்குதலும்

1952 டிசம்பர் 18ஆம் திகதி பீக்கிங் நகரில் இலங்கையும் சீன மக்கள் குடியரசும் ஐந்தாண்டு வர்த்தக உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. ஆண்டுதோறும் 270,000 மெட்ரிக் தொன் அரிசி சீனாவிலிருந்து வரும். 50,000 மெட்ரிக் தொன் இறப்பர் இலங்கையிலிருந்து போகும். இலங்கையின் சார்பில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவும் சீனாவின் சார்பில் வெளிநாட்டு வர்த்தக அமைச்சர் யே சிச்சுவாங்கும் ஒப்பமிட்டார்கள். அப்போது கொரியாவில் சீனப் படைகளும் அமெரிக்கா தலைமையிலான ஐக்கிய நாடுகள் படைகளும் போரிட்டுக்கொண்டிருந்தன. இறப்பர் இல்லாமல் லொறிக்குச் சில்லு இல்லை, விமானத்துக்குச் சக்கரம் இல்லை. அதைச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்பது வாஷிங்டனின் உறுதியான நிலைப்பாடு. அதை மீறியது, சுதந்திரம் பெற்று ஐந்தாண்டுகூட நிறையாத, சுமார் 80 இலட்சம் மக்கள் வாழ்ந்த ஒரு தீவு. ஆட்சியில் இருந்ததோ கொம்யூனிச எதிர்ப்பில் ஊறிய ஐக்கிய தேசியக் கட்சி.

அன்றைய இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும் பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றிலிருந்தே கிடைத்தது. தின்னும் அரிசியில் பாதிக்கு மேல் பர்மா, தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கிய கூப்பன் அரிசி முறை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. வெளியில் என்ன விலைக்கு வாங்கினாலும் மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும். இடைவெளியைத் திறைசேரி நிரப்ப வேண்டும். ஆகவே இறப்பர் விலை ஏறினால் அரசுக்குச் சற்று மூச்சு வரும், அரிசி விலை ஏறினால் அது அடைத்துவிடும் என்பதே நிலைமை. 1952இல் இரண்டும் தவறான திசையில் ஒன்றாக நகர்ந்தன.

1950இல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கா இறப்பரை அவசர அவசரமாகச் சேமித்தது. விலை விண்ணைத் தொட்டது. 1951இன் பிற்பகுதியில் களஞ்சியம் நிரம்பத் தொடங்கியது. உலகப் போருக்குப் பின் மூடிக் கிடந்த செயற்கை இறப்பர் ஆலைகள் திரும்பவும் இயங்கின. இயற்கை இறப்பரை வாங்கும் வேலையை அமெரிக்க அரசு ஒரே நிறுவனத்தின் கையில் ஒப்படைத்திருந்தது. வாங்குபவர் ஒருவர், விற்பவர் பலர் என்றானபோது விலை சரிந்தது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் சிறு தோட்டக்காரர்கள் இதில் நேரடியாக அடிபட்டார்கள். அவர்கள் வாக்காளர்கள், ஆளுங்கட்சிக்குக் கிராமப்புறத்தில் இருந்த பலமே அவர்கள்தான். பெருந்தோட்டங்களில் பால் வெட்டிய இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாக்குரிமையே இல்லாமற் போயிருந்தது. இறப்பர் நெருக்கடி பற்றிய அன்றைய அரசியல் பேச்சில் தோட்டக்காரர் குரல் ஓங்கியும் தொழிலாளர் குரல் தாழ்ந்தும் இருந்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மறுபுறம் ஆசியா முழுவதும் அரிசிக்குத் தட்டுப்பாடு. பர்மாவின் வயல்கள் உலகப் போரிலிருந்து இன்னும் மீளவில்லை. அமெரிக்காவில் அரிசி இருந்தது. ஆனால் அதற்கு டொலர் வேண்டும். இலங்கையோ ஸ்டேர்லிங் வலயத்து நாடு. அது சம்பாதித்த டொலரெல்லாம் இலண்டனில் இருந்த பொதுக் கையிருப்பில் போய்ச் சேர்ந்தது. 1952 மார்ச்சில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலமானார். மே மாதத் தேர்தலில் வென்று வந்த அவருடைய மகன் டட்லி சேனநாயக்கவின் கையில் கிடைத்த கணக்கு இதுதான்.

இந்த அரசாங்கத்துக்கு இடதுசாரிச் சாய்வு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 1947ஆம் ஆண்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஜப்பானுக்கு ஆதரவாக ஆற்றிய உரை, சோவியத் தரப்பை எதிர்த்து நின்ற அமெரிக்காவுக்குப் பெரிதும் உவப்பாக இருந்தது. மக்கள் சீனத்தை இலங்கை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தது உண்மை. அதுவும் இலண்டன் எடுத்த முடிவை ஒட்டியே நடந்தது. தூதரகம் எதுவும் திறக்கப்படவில்லை. உள்நாட்டில் லங்கா சமசமாஜக் கட்சியும் கொம்யூனிஸ்ட் கட்சியுமே இந்த அரசின் முதன்மை எதிரிகள். பீக்கிங்குக்கு இலங்கை தூதுக்குழு அனுப்பியதற்குக் கொள்கையில் காரணம் தேடுவது வீண்வேலை.

நெருக்குதலின் கருவிகள் இரண்டு. 1951 மே 18இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் ஆயுதம், எண்ணெய், போருக்கு உதவும் பொருட்கள் ஆகியவற்றை அனுப்பக் கூடாது என்று உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த மலாயாவிலிருந்து சீனாவுக்கு இறப்பர் போவது அவ்வாண்டே நின்றது. இலங்கை இதற்குச் சொன்ன பதில் எளிமையானது: இலங்கை ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினரே அல்ல. 1948 முதல் அதன் விண்ணப்பத்தைச் சோவியத் ஒன்றியம் தன் தடுப்பதிகாரத்தால் மறித்து வந்தது. பிரித்தானியத் தளங்களை வைத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடா என்பது மொஸ்கோ எழுப்பிய கேள்வி. 1955 டிசம்பர் 14இல்தான், வேறு 15 நாடுகளோடு சேர்த்து, இலங்கைக்குக் கதவு திறந்தது. மேற்கின் ஆள் என்று மொஸ்கோ வெளியே நிறுத்தி வைத்த நாடு, அப்படி வெளியே நின்ற காரணத்தாலேயே மேற்கின் தடைக்குள் அகப்படாமல் தப்பியது. இராசதந்திர வரலாற்றில் இவ்வளவு கச்சிதமான முரண் அடிக்கடி கிடைப்பதில்லை.

மற்றக் கருவி அமெரிக்காவின் சொந்தச் சட்டம். 1951 ஒக்டோபரில் நிறைவேறிய பரஸ்பரப் பாதுகாப்பு உதவிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதை முன்வைத்த அலபாமா காங்கிரஸ் உறுப்பினர் லோரி பேட்டிலின் பெயரால் பேட்டில் சட்டம் என்று வழங்கியது. சோவியத் அணிக்குத் தடைப்பட்ட பொருளை விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவி நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். ஆயுதமும் அணுப்பொருளும் என்றால் விலக்கே கிடையாது. மற்றப் பொருட்களில், உதவியை நிறுத்துவது அமெரிக்காவின் பாதுகாப்புக்கே கெடுதி என்று ஜனாதிபதி கருதினால் விலக்களிக்கலாம். சட்டத்தின் உயிர்நிலை இந்த வாசகத்தில்தான் இருந்தது. 1952இல் டென்மார்க், முன்பே செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி, சோவியத் ஒன்றியத்துக்கு எண்ணெய்க் கப்பல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தது. உதவி நிறுத்தப்படவில்லை. பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி ஆகியவற்றுக்கும் இதே விலக்குக் கிடைத்தது. அவை வட அத்திலாந்திக் கூட்டணி நாடுகள். அவற்றின் உதவியை நிறுத்தினால் ஐரோப்பியப் பாதுகாப்பு ஆட்டம் காணும். இலங்கையின் உதவியை நிறுத்தினால் அமெரிக்காவின் பாதுகாப்பில் எதுவும் அசையாது. ஆகவே ஒரே சட்டம் பெரிய கூட்டாளிகளிடம் நெகிழ்ந்தும் சிறிய நண்பனிடம் விறைத்தும் நின்றது. சட்டம் எழுதப்பட்ட விதத்திலேயே இந்த ஏற்றத்தாழ்வு அடங்கியிருந்தது; அதை ஓர் அதிகாரியின் பாரபட்சம் என்று சுருக்கிவிட முடியாது.

பீக்கிங்குக்குப் போகும் முன் கொழும்பு வாஷிங்டனின் கதவைத் தட்டாமல் இல்லை. 1952 முழுவதும் பேச்சு நடந்தது. கொழும்பு கேட்டது இரண்டு: நியாயமான விலையில் இறப்பரை நெடுங்காலத்துக்கு வாங்குவதாக ஒரு வாக்குறுதி, தாங்கக்கூடிய விலையில் அரிசி. இறப்பருக்குச் சந்தை விலை தரலாம், அரிசியையும் சந்தை விலைக்கே வாங்கிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு மேல் வாஷிங்டன் இறங்கி வரவில்லை. அதன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. இலங்கைக்குக் கூடுதல் விலை கொடுத்தால் மலாயாவும் இந்தோனேசியாவும் அதையே கேட்கும். இலங்கையின் இறப்பரோ உலக உற்பத்தியில் ஒரு சிறு பங்குதான். ஆனால் சந்தை விலை என்ற சொல் அங்கே நேர்மையாகப் பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. சீனா என்ற பெரிய கொள்வனவாளரைச் சந்தைக்கு வெளியே நிறுத்திவிட்டு, எஞ்சிய சந்தையில் தானே மிகப் பெரிய கொள்வனவாளராக இருந்துகொண்டு, அங்கே நிலவும் விலைதான் நியாய விலை என்று சொல்வது விற்பவர் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ஆர். ஜி. சேனநாயக்க பிரதமருக்குப் பெரியப்பா மகன், பிடிவாதக்காரர். அமைச்சரவையில் மேற்கு நாடுகளின் மனத்தாங்கலைத் தேட வேண்டாம் என்று கருதியவர்களும் இருந்தார்கள். முதலில் ஒக்டோபரில் 80,000 தொன் அரிசிக்கு ஒரு சிறு உடன்பாடு எட்டப்பட்டது. உடனடிப் பசியைத் தீர்க்க அது போதும். டிசம்பரில் வந்த ஐந்தாண்டு உடன்படிக்கையே பெரிய அடி. இறப்பருக்குச் சிங்கப்பூர் விலையைவிடக் கணிசமாகக் கூடிய விலை. அரிசிக்கு அன்றைய ஆசியச் சந்தையைவிட அனுகூலமான விலை. விலைகளை ஆண்டுதோறும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. பண்டமாற்று என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் இரண்டு பக்கமும் பணக் கணக்கு வைத்தே கொடுக்கல் வாங்கல் நடந்தது. கிடைத்த உபரியின் பயன் அரசுக் கணக்கோடு நின்றுவிடவில்லை. முதிர்ந்த மரங்களை வெட்டி உயர்ரகக் கன்றுகளை நடுவதற்கு மானியம் தரும் மீள்நடுகைத் திட்டம் 1953இல் தொடங்கியதும், சிறு தோட்டக்காரர்கள் பலர் அதில் இணைந்ததும் இந்த நல்ல விலையின் பின்னணியில்தான். இலங்கையின் இறப்பர்த் தொழில் அடுத்த இரண்டு தசாப்தங்கள் நிலைத்து நின்றதில் அத்திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சீனா ஏன் இவ்வளவு தாராளமாக நடந்துகொண்டது? தடை இறுக்கியிருந்த வேளையில் அதற்கு இறப்பர் கட்டாயம் வேண்டியிருந்தது. ஹைனான் தீவில் இறப்பர் நடும் முயற்சி அப்போதுதான் தொடங்கியிருந்தது. மரம் பால் தர ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். அதைவிடப் பெரியது அரசியல் இலாபம். தங்களோடு தூதரக உறவுகூட இல்லாத, பொதுநலவாயத்தைச் சேர்ந்த, கொம்யூனிச எதிர்ப்பு அரசொன்று தடைச் சுவரில் துளை போட்டது என்பது பீக்கிங்குக்கு எந்தப் பிரசாரத்தாலும் வாங்க முடியாத சரக்கு. சொந்த மக்களின் உணவுத் தேவையே தீராத நாடு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்ததை இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும். கூடுதல் விலையை அன்பளிப்பு என்று பின்னாளில் வருணித்தவர்கள் உண்டு; அது தேவைக்குக் கொடுத்த விலை.

வாஷிங்டன் சொன்னபடி செய்தது. பேட்டில் சட்டத்தின் கீழ் இலங்கை பொருளாதார உதவி பெறும் தகுதியை இழந்தது. அக்கம்பக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அமெரிக்க உதவி பெற்றுக்கொண்டிருக்க, இலங்கை மட்டும் 1956 வரை வரிசைக்கு வெளியே நின்றது. ஆனால் இந்தத் தண்டனைக்கு வலி குறைவு. 1950இல் கையெழுத்தான தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாட்டின் கீழ் அதுவரை வந்திருந்த உதவியே சொற்பம். இல்லாத ஒன்றை நிறுத்துவதாக மிரட்டுவது நல்ல ஆயுதம் அல்ல. அமெரிக்கா தன் சந்தையை மூடவில்லை, தேயிலையை வாங்கிக்கொண்டேயிருந்தது. பிரித்தானியா முகம் சுளித்தாலும் கை ஓங்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் பிரித்தானிய மூலதனம் இருந்தது, திருகோணமலையில் கடற்படை இருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் உதவி தொடர்ந்தது. லக்சபான நீர்மின் திட்டத்துக்கு உலக வங்கி 1954இல் கடன் கொடுத்தது. நெருக்குதல் ஒரு வாசலை மட்டுமே அடைத்தது.

உடன்படிக்கை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாக நினைப்பதும் தவறு. சீன அரிசி வந்து சேர்ந்தாலும், வாங்கும் விலைக்கும் கூப்பன் விலைக்கும் இடையிலான பள்ளம் மூடவில்லை. 1953 ஜூலையில் அரசு ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின; அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டிய நிலை வந்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். வல்லரசின் அதிருப்தியைத் தாங்கிய பிரதமரால் கூப்பன் புத்தகத்தின் அதிருப்தியைத் தாங்க முடியவில்லை. ஒரு சிறு நாட்டு அரசு வெளியிலிருந்து வரும் நெருக்குதலை எடைபோடும்போது மறுதட்டில் எதை வைத்துப் பார்க்கிறது என்பதற்கு இந்தப் பத்து மாதங்களே போதிய விளக்கம்.

அடுத்து வந்த சேர் ஜோன் கொத்தலாவல அமெரிக்கச் சார்பை ஒளித்து வைக்காதவர். 1955 ஏப்ரலில் பாண்டுங் மாநாட்டில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஒன்றியம் நடத்துவதும் குடியேற்றவாதமே என்று பேசி, சீனப் பிரதமர் சூ என்லாய், இந்தியப் பிரதமர் நேரு இருவரையும் ஒருசேரச் சங்கடப்படுத்தினார். அவருடைய காலத்திலும் உடன்படிக்கை ஒரு நாள்கூட நிற்கவில்லை. சொல்லில் வாஷிங்டன் பக்கம், சரக்கில் பீக்கிங் பக்கம் என்ற இந்த ஏற்பாட்டை இரட்டை நாக்கு என்று சிலர் ஏளனம் செய்தார்கள். உண்மையில் அரசுக்கு இருந்த ஒரே வழி அது. ஆர். ஜி. சேனநாயக்கவோ 1954இல், இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமை பற்றிய நேரு – கொத்தலாவல ஒப்பந்தத்தை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகினார். பின்னர் சிங்களத் தேசியவாத அரசியலின் கடும்போக்காளராக அறியப்பட்டார். வல்லரசை எதிர்த்துத் துணிந்து நின்றவர் உள்நாட்டுச் சிறுபான்மையினரிடம் தாராளமாக நடந்துகொள்வார் என்று எந்த விதியும் இல்லை.

1956இல் தடையின் பொருள் தேய்ந்துவிட்டது. கொரியப் போர் முடிந்து மூன்றாண்டுகள். மலாயாவிலிருந்து சீனாவுக்கு இறப்பர் அனுப்பப் பிரித்தானியா அவ்வாண்டே அனுமதித்தது. இலங்கைக்கான அமெரிக்க உதவியும் அவ்வாண்டு தொடங்கியது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் புதிய அரசு அணிசேராக் கொள்கையை அறிவித்தது. பிரித்தானியத் தளங்கள் 1957இல் மீளப் பெறப்பட்டன. அதே ஆண்டு பெப்ரவரியில் சீனாவோடு முழுத் தூதரக உறவு ஏற்பட்டது. அணிசேராமை பண்டாரநாயக்க வகுத்த கொள்கை என்றே பாடநூல்கள் எழுதுகின்றன. அதன் முதல் செயல்வடிவம் அவருடைய எதிர்க்கட்சியின் வர்த்தக அமைச்சிலிருந்து, கொள்கைப் பெயர் எதுவும் இல்லாமல், வந்துவிட்டிருந்தது. 1957இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டபோது பழைய கூடுதல் விலை இல்லை. சீனாவுக்கு வேறு இடங்களில் இறப்பர் கிடைத்தது, தாராளமும் அதற்கேற்பக் குறைந்தது.

அடுத்த மோதல் வேறு வகை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1962இல் எஸ்ஸோ, கல்டெக்ஸ், ஷெல் கம்பனிகளின் சொத்துகள் சிலவற்றைச் சுவீகரித்தது. நட்டஈடு உரிய காலத்தில் தீரவில்லை என்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. சுவீகரித்த சொத்துக்கு நட்டஈடு தராத நாட்டுக்கு உதவியை நிறுத்தச் சொல்லும் ஹிக்கன்லூப்பர் திருத்தம் முதன்முதலாகப் பிரயோகிக்கப்பட்டது இலங்கை மீதுதான். பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு வளைந்து கொடுக்கவில்லை. அது 1964 டிசம்பரில் கவிழ்ந்தது பத்திரிகைச் சட்டமூலப் பிரச்சினையால், எண்ணெயால் அல்ல. 1965இல் மீண்டும் பிரதமரான டட்லி சேனநாயக்க நட்டஈட்டை முடித்துக்கொடுத்தார், உதவி திரும்பியது. 1952இல் வளையாத அதே மனிதர் 1965இல் இணங்கினார் என்றால், மாறியது மனிதரல்ல, கையிலிருந்த மாற்று வழிதான். அந்நியச் செலாவணி வற்றிய நாட்டுக்கு அப்போது மேற்கின் கடன் தேவைப்பட்டது. அதை ஈடுசெய்ய வேறு எவரும் முன்வரவில்லை.

மாற்று அறவே இல்லாத நாட்டுக்கு என்ன நேரும் என்பதற்கு 1974ஆம் ஆண்டு பங்களாதேஷைப் பார்க்க வேண்டும். அந்தப் புதிய நாடு கியூபாவுக்குச் சுமார் 40 இலட்சம் சணல் சாக்குகளை விற்றது. கியூபாவோடு வர்த்தகம் செய்யும் நாட்டுக்குச் சலுகை விலையில் உணவு தரக் கூடாது என்று அமெரிக்கச் சட்டமான பி.எல். 480 சொன்னது. டாக்கா ஏற்றுமதியை நிறுத்த இணங்கியது. அதற்குள் பெருவெள்ளமும் பஞ்சமும் வந்துவிட்டன. உணவு உடன்பாடு ஒக்டோபரில்தான் கையெழுத்தானது; தானியம் வந்து இறங்கியபோது பஞ்சத்தின் உச்சம் கடந்துவிட்டது. இறந்தவர்கள் சுமார் 27,000 பேர் என்றது அரசு. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் அதைப் போலப் பன்மடங்கு. பழி முழுவதையும் அந்தத் தாமதத்தின் மேல் போட முடியாது. அவ்வாண்டு தலைக்குக் கிடைத்த தானியம் மற்ற ஆண்டுகளைவிடக் குறைவல்ல, கூலியிழந்த மக்களுக்கு வாங்கும் வலுவே இல்லாமற் போயிற்று என்று அமர்த்தியா சென் பின்னர் எடுத்துக்காட்டினார். எனினும் அரசின் களஞ்சியம் வெறுமையாக இருந்த நேரத்தில் வரவிருந்த கப்பல்கள் சாக்குக் கணக்கில் தங்கிப்போயின என்பது மறுக்க முடியாதது. டாக்காவுக்கு அரிசி தர பீக்கிங் போல ஒரு தலைநகர் முன்வரவில்லை. பங்களாதேஷைச் சீனா அப்போது அங்கீகரிக்கவே இல்லை.

1952இன் வெற்றியைத் துணிச்சலின் கதையாகச் சொல்வது இலங்கை மேடைகளில் வழக்கம். துணிச்சல் இருந்தது உண்மைதான். ஆனால் வாங்க ஓர் ஆள், விற்க ஓர் ஆள், இழக்கப் பெரிதாக எதுவும் இல்லாத உதவி, தண்டனையில் கூட்டுச் சேராத பிரித்தானியா ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் அமைந்திராவிட்டால் அந்தத் துணிச்சல் ஒரு மாதம்கூடத் தாங்கியிராது. வாஷிங்டனும் ஒரு பிழை செய்தது: விற்காதே என்று சொன்னதே தவிர, விற்காமல் இருப்பதால் வரும் நட்டத்தை ஏற்றுக்கொள்ள மறுத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்த அந்த உடன்படிக்கை, 1982இல் யாரும் யாரையும் நெருக்காமலே முடிவுக்கு வந்தது.